93.47 என்ற பழைய கணக்கு

மேட்டூர் அணை நிரம்பினால் போதும், என் டைம்லைன் முழுக்க உபரி நீர் பாயும் பதினாறு கண் மதகு வீடியோதான். கூடவே தவறாமல் ஒரு வரி வரும்: "நீர்மட்டம் 120 அடி, நீர் இருப்பு 93.47 டிஎம்சி." 120 அடி சரி. அந்த 93.47தான் எனக்கு இடிக்கிறது.

அது அணை கட்டிய காலத்துக் கணக்கு. 1924இல் சென்னை மாகாணமும் மைசூரும் காவிரி நீருக்காக ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருஷமே வேலை தொடங்கி, 1934 ஆகஸ்ட் 21 அன்று ஆளுநர் ஸ்டான்லி திறந்துவைத்தார். அணையை வடிவமைத்த எல்லிஸும் மற்ற பொறியாளர்களும் செய்த வேலையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காவிரி வெறும் தண்ணீரையா கொண்டுவருகிறது? ஒகேனக்கல் தாண்டிப் பாய்ந்து வரும் வெள்ளம், தேங்கிய நீரில் விழுந்ததும் வேகம் செத்துப்போய் மணலை முதலில் இறக்கிவிடும். மெல்லிய வண்டல் இன்னும் உள்ளே வந்து படியும். தொண்ணூறு வருஷமாக இதேதான்; படிந்த அளவுக்குத் தண்ணீருக்கு இடம் குறையும். அணை கட்டுவதற்கு முன்னால் அந்த வண்டல் தஞ்சாவூர் வயலுக்குப் போனது. இப்போது அங்கே மூட்டை மூட்டையாக உரம் கொட்டுகிறார்கள்.

தண்ணீர் வற்றும் வருஷத்தில் அணையின் நீர்த்தேக்கக் கரையிலுள்ள பண்ணவாடிப் பக்கம் போய்ப் பாருங்கள். அணைக்காகக் காலி செய்த ஊரின் நந்தி சிலை வெளியே தெரியும். ஆளாளுக்கு அதன் முன்னால் நின்று செல்ஃபி. (அங்கிருந்து போனவர்கள் எங்கே என்று கேட்க ஆள் இல்லை, அது தனிப் பதிவு.) கொஞ்சம் தள்ளி நடந்தால் பாளம் பாளமாக வெடித்த களிமண். அதிலேயே சோளமும் கடலையும் விதைத்து எடுத்துவிடுகிறார்கள். அத்தனையும் அணைக்குள் தண்ணீர் நிற்க வேண்டிய இடம்.

திறந்து 83 வருஷம் கழித்து, 2017இல்தான் தூர்வார ஆரம்பித்தார்கள். விவசாயிகள் வண்டல் அள்ளிக்கொண்டது நல்ல விஷயம்தான். ஆனால் கணக்குப் போடுங்கள்: ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி. மண் அளக்கும் ஒரு யூனிட் 100 கன அடி. ஒரே ஒரு டிஎம்சிக்கு இடம் பண்ண ஒரு கோடி யூனிட் மண் அள்ள வேண்டும்!

அதனால் மொத்தத்தையும் வாரச் சொல்லவில்லை. அணைக்குள் இன்று எவ்வளவு கொள்ளும் என்று அளந்து, அந்த எண்ணைத் தினசரி நிலவரத்தில் போடுங்கள். ஜூன் 12 அன்று குறுவை நெல் சாகுபடிக்குத் திறக்கலாமா, எத்தனை நாள் தாங்கும் என்பதை அந்த எண்ணை வைத்து முடிவு செய்யுங்கள். கர்நாடகத்திடம் ஒவ்வொரு டிஎம்சிக்கும் வழக்காடும் நாம், நம் அணை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு மட்டும் இன்னும் 1934ஆம் வருஷத்துக் கணக்கையே ஒப்பிப்பது என்ன நியாயம்?