சூப்பர் பவுல் வென்றாரா லூயிஸ் ரீஸ்-ஸாமிட்?

"வேல்ஸ் ரக்பி வீரர் லூயிஸ் ரீஸ்-ஸாமிட் அமெரிக்கா போய் சூப்பர் பவுல் வென்றார், ரக்பிக்கு நிரந்தரமாக முழுக்குப் போட்டார்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. இரண்டுமே தவறு. சூப்பர் பவுல் என்பது அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் இறுதிப் போட்டி.

அவர் போய்ச் சேர்ந்த கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி அந்தக் கோப்பையை வென்றது 2024 பிப்ரவரியில். அவர் அங்கே சேர்ந்ததோ மார்ச்சில். ஆகஸ்டில் அந்த அணி அவரை விடுவித்தது. அப்புறம் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் என்ற இன்னொரு என்எஃப்எல் அணியின் பயிற்சிக் குழுவில் இருந்தார். சீசனுக்கு முந்தைய ஆட்டங்களில் ஆடினாரே தவிர, என்எஃப்எல் சீசன் ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை.

2025 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பேர்ஸ் கிளப்பில் சேர்ந்து ரக்பிக்கே திரும்பிவிட்டார். அதே ஆண்டு நவம்பரில் வேல்ஸ் சட்டையும் மறுபடி அணிந்தார்.

இல்லாத கோப்பையைச் சொல்லி அவரைப் புகழ வேண்டியதே இல்லை. ஆறு ஐரோப்பிய நாடுகள் மோதும் ரக்பித் தொடரான சிக்ஸ் நேஷன்ஸில், 2021-ல் ஸ்காட்லாந்துக்கு எதிரான ஆட்டத்தைப் பாருங்கள். வலது ஓரத்தில் பறந்துவந்து, பந்தை முன்னால் உதைத்து, தடுக்க வந்தவரைத் தாண்டி ஓடி, தானே எடுத்து டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) வைத்தார். வேல்ஸ் 25-24 என்று வென்றது. அப்போது அவருக்கு வயது 20. 2023 ரக்பி உலகக் கோப்பையில் ஜார்ஜியாவுக்கு எதிராக மூன்று டிரை வைத்து ஹாட்ரிக்கும் அடித்தார்.