ஒரே குற்றம்தான்: கொடுத்தவருக்கு 10 நாள், வாங்கினவருக்கு 21 நாள்

1563இல், முதலாம் எலிசபெத் காலத்தில், இங்கிலாந்தில் கைவினைஞர் சட்டம் என்று ஒன்று வந்தது. "அந்தக் காலத்திலேயே அரசாங்கம் கூலி நிர்ணயம் பண்ணியிருக்கு பாருங்க" என்று அதைப் புகழ்ந்து பேசுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நிர்ணயம் பண்ணினார்கள், உண்மை. ஆனால் அது பெரும்பாலும் உச்சவரம்பு. இதற்கு மேல் ஒரு பென்னிகூடக் கொடுக்காதே என்பதுதான் சட்டம்.

வருஷா வருஷம் ஈஸ்டரை ஒட்டி உள்ளூர் நீதிபதிகள் கூடிக் கூலியை அறிவிப்பார்கள். அந்த நீதிபதிகள் யார்? நிலபுலன் உள்ள ஊர்ப் பெரிய மனிதர்கள், அதாவது கூலி கொடுக்க வேண்டியவர்கள். வரம்புக்கு மேல் கொடுத்த முதலாளிக்கு 10 நாள் சிறை, 5 பவுண்ட் அபராதம். வாங்கின தொழிலாளிக்கு 21 நாள் சிறை.

இதன் வேர் 1348இல் வந்த கொள்ளைநோயில் இருக்கிறது. ஆள் செத்துப்போனதால் உயிரோடு இருந்தவனின் உழைப்புக்கு விலை ஏறியது. உடனே 1349இலும் 1351இலும் கூலியை அமுக்கச் சட்டம் போட்டார்கள். 1563 சட்டம் அதன் வாரிசு.

மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை காலை 5 மணிக்குள் வேலைக்கு வந்துவிட வேண்டும். இரவு 7, 8 மணிக்குத்தான் கிளம்பலாம். சாப்பாடு, இளைப்பாறல் எல்லாம் சேர்த்து மொத்தம் இரண்டரை மணி நேரம். ஒரு மணி நேரம் வராவிட்டால் ஒரு பென்னி பிடித்தம். 12 முதல் 40 வயது வரையுள்ள மணமாகாத பெண் சும்மா இருக்கிறாள் என்று தோன்றினால், நீதிபதிகள் இருவர் சேர்ந்து அவளை வேலைக்குப் போகச் சொல்லலாம். மறுத்தால் காவலில் வைப்பார்கள். 12 வயதுக் குழந்தையை!

எனக்கு ஆறவே ஆறாதது சீட்டு விஷயம். ஒரு இடத்தில் வேலையை விட்டு வேறு ஊருக்குப் போக வேண்டுமானால், "இன்னாரிடம் வேலை பார்த்த இன்னார் விடுவிக்கப்பட்டார், இனி வேறு இடத்தில் வேலை செய்யலாம்" என்று ஊர்க் காவலரும் நாணயமான வீட்டுக்காரர் இருவரும் சாட்சியாக ஒரு சீட்டு தர வேண்டும். பாதிரியார் 2 பென்ஸ் வாங்கிக்கொண்டு அதைப் பதிவு செய்வார். சீட்டு இல்லாதவனுக்குச் சிறை. 21 நாளில் கொண்டுவராவிட்டால் நாடோடி என்று சவுக்கடி. ரிலீவிங் லெட்டருக்காக மூன்று மாதம் ஒரு அலுவலக வாசலில் நின்றவன் நான். சவுக்கடி இல்லை, ஆனால் அந்தத் தாள் இல்லாமல் மனுஷன் பாதி ஆளாகிவிடுவது எனக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏழு வருஷமாவது தொழில் பழகினால்தான் அந்தத் தொழிலைச் செய்யலாம் என்ற விதியும் இதே சட்டத்தில் இருந்தது. பிற்காலத்தில் தொழிலாளிகளே அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள், ஏனென்றால் மலிவுக் கூலிக்குக் கண்டவரையும் உள்ளே விடாமல் தடுத்தது அதுதான். கூலி நிர்ணயப் பிரிவுகளை 1813இல் எடுத்தார்கள். அடுத்த வருஷமே, ஏராளமான தொழிலாளிகள் மனுப்போட்டுக் கெஞ்சியும், பழகும் விதியையும் எடுத்துவிட்டார்கள்.

வேலையைப் பாதியில் விட்டவனைச் சிறைக்கு அனுப்புவது மட்டும் போகவில்லை. 1823 சட்டப்படி மூன்று மாதம் கடுங்காவல். காரணமில்லாமல் ஆளை வெளியே தள்ளிய முதலாளிக்கு 1563இலேயே வெறும் 40 ஷில்லிங் அபராதம்தான். இந்தப் பாரபட்சம் இங்கிலாந்தில் ஒழிய 1875 ஆனது.

அங்கே ஒழிந்த பிறகும் இலங்கைத் தோட்டங்களில் அது நம் ஜனங்களை விடவில்லை. 1865 சட்டப்படி சொல்லாமல் வேலையை விட்டால் சிறை. அதோடு 'துண்டு': இந்த ஆட்களின் இத்தனை ரூபாய் கடனைக் கட்டினால் இவர்களை விடுகிறோம் என்று தோட்டத் துரை எழுதி, ஆட்களைத் திரட்டி மேய்க்கும் கங்காணி கையில் கொடுக்கும் சீட்டு. கடனோடு ஆளும் கைமாறினார்கள். அந்தத் துண்டை 1921இல்தான் ஒழித்தார்கள்.