நிசார் செயற்கைக்கோள் மதுரை வீடுகளுக்குள் பார்க்கிறதா?

'நிசார் செயற்கைக்கோள் மதுரையில் கூரையைத் துளைத்து வீட்டுக்குள் நடப்பதை நேரலையாகப் பார்க்கிறது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய். செல்லூரில் எங்கள் தெரு அக்கா ஒருவர் இதைப் படித்துவிட்டு உண்மையாகவே பயந்துபோனார், அதனால்தான் எழுதுகிறேன்.

இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கி, 2025 ஜூலை 30 அன்று ஏவப்பட்ட நிசார், சுமார் 747 கிலோமீட்டர் உயரத்தில் நகர்ந்தபடியே ரேடார் அலைகளை அனுப்பி எதிரொலிகளை வாங்குகிறது. வழிநெடுக வாங்கியதைக் கணினியில் ஒன்றுசேர்த்தால், 12 மீட்டர் ஆன்டெனா பல கிலோமீட்டர் நீள ஆன்டெனாவைப் போல வேலை செய்யும். அப்புறம்தான் படம். அதில் சில மீட்டர் அளவுள்ளவைதான் பிரிந்து தெரியும். ஆள் முகம் தெரியவே தெரியாது. அதே பாதைக்குத் திரும்ப 12 நாள் ஆகும். மேகத்தை ஊடுருவும் என்பது சரி. ஆனால் அது பார்ப்பது வயல்களின் ஈரம், நிலத்தின் அசைவு போன்றவற்றைத்தான்.