வேலிக்குக் கட்டும் கட்டணம்

சென்ற சனிக்கிழமை என் தங்கையோடும் அவளுடைய மகளோடும் கோலாலம்பூரில் உள்ள ஒரு தனியார் பெண்கள் பள்ளியின் அறிமுக நாளுக்குப் போயிருந்தேன். பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்தது இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்று. விடுதி கிடையாது, காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டிய பள்ளி. மண்டபத்தில் பெற்றோர் கேட்ட கேள்விகளைக் கவனித்துக்கொண்டிருந்தேன். வாசற்கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், கேமராக்கள் எங்கெல்லாம் இருக்கின்றன, கைப்பேசிக்கு அனுமதி உண்டா, ஆண் ஆசிரியர்கள் எத்தனை பேர், அருகில் ஆண்கள் பள்ளி ஏதும் இருக்கிறதா. அறிவியல் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டபோது, சனிக்கிழமை என்பதால் பூட்டியிருக்கிறது, சாவி வைத்திருப்பவர் வரவில்லை என்றார்கள். அறிமுக நாளைச் சனிக்கிழமையில் வைத்தது அவர்கள்தான் என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை.

பெண் பிள்ளையைப் பெண்கள் பள்ளியில் விட்டால் நிம்மதி என்பது நம் வீடுகளில் பாட்டி காலத்திலிருந்தே கேட்டுவரும் பேச்சு. அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்யவில்லை; எனக்கும் அது உண்டு. ஆனால் வேலிக்காக மட்டும் மாதந்தோறும் ஆயிரக்கணக்கான ரிங்கிட்டைக் கட்டுவது ஏமாளித்தனம். அந்த வேலி காலையிலிருந்து மாலை வரைதான் நிற்கும். அதற்கு முன்னும் பின்னும் அதே பிள்ளை விடியாத வேளையில் வேனுக்குக் காத்திருக்கிறாள், மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் எல்.ஆர்.டி. ரயில் மாறுகிறாள், டியூஷனுக்குப் போகிறாள், இரவில் கைப்பேசியோடு படுக்கிறாள். நகரம் அவளை விட்டு எங்கும் போய்விடுவதில்லை.

தேர்ச்சி விகிதத்துக்காக என்று சொல்வோரும் இருக்கிறார்கள். எரின் பால்கி, ஜேனட் ஹைட், கார்லி அலிசன் ஆகிய மூவர் 2014ஆம் ஆண்டில் ஒரு பெரிய தொகுப்பாய்வை வெளியிட்டனர். 21 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 16 இலட்சம் மாணவர்களைப் பற்றிய 184 ஆய்வுகளை அவர்கள் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். குடும்ப வசதி, நுழைவுத் தெரிவு போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட தரமான ஆய்வுகளில், பெண்களுக்கு மட்டும் அல்லது ஆண்களுக்கு மட்டும் என்றுள்ள பள்ளியால் கிடைக்கும் பலன் மிகச் சொற்பமாகவோ இல்லாமலோ இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளைப் பொறுக்கிச் சேர்க்கும் பள்ளி, படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி காட்டுவதில் வியப்பென்ன?

இவ்வளவு சொல்லிவிட்டு, நான் பெண்கள் பள்ளிகளின் பக்கம்தான் நிற்கிறேன். நான் படித்ததும் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில்தான். அங்கே விளையாட்டுப் போட்டி நாளன்று ஒலிபெருக்கிக்குக் கம்பி இழுத்தவர்கள் நாங்கள், கூடாரம் அடித்தவர்கள் நாங்கள், மழையில் நனைந்த மேசைகளை இரண்டு மாடி தூக்கிச் சென்றவர்களும் நாங்களே. “பையன்களைக் கூப்பிடு” என்று சொல்ல அங்கே பையன்கள் இல்லை. இயற்பியல் சோதனையில் ஒருத்தி மின்சுற்றை இணைக்க, இன்னொருத்தி திட்டிக்கொண்டே பிரித்து மீண்டும் இணைப்பாள். குறிப்பெழுதும் வேலை மட்டும் யாருடைய தலையிலும் நிரந்தரமாக விழவில்லை. பிற்காலத்தில் அலுவலகக் கூட்டங்களில் குறிப்பெழுதும்படி என்னிடம் மட்டும் சொல்லப்பட்டபோது அது எனக்கு விசித்திரமாகப் பட்டதற்கு அந்தப் பள்ளிதான் காரணம். அதைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. தேங்காய் எண்ணெய் வைத்த தலைக்காகவும் தோலின் நிறத்துக்காகவும் நாங்கள் பட்ட கேலி கொஞ்சமல்ல. பேசியவர்கள் எல்லாரும் பெண் பிள்ளைகள்தான்.

அந்தப் பள்ளிக்கு என் அப்பா கட்டிய கட்டணத்தை இன்றைய கணக்கில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கன்னியாஸ்திரிகளும் மிஷனரிகளும் தொடங்கிய பள்ளிகள் பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளாகி, ஆசிரியர் சம்பளத்தை அரசே கொடுத்ததால் லாரி ஓட்டுநரின் மகளும் அங்கே உட்கார முடிந்தது. அவை ஒவ்வொன்றாகக் கைநழுவுவதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. 1893இல் தொடங்கிய புக்கிட் பிந்தாங் பெண்கள் பள்ளி 2000ஆம் ஆண்டில் செராசுக்கு மாற்றப்பட்டது. அது இருந்த இடத்தில் 2007 முதல் பெவிலியன் பேரங்காடி நிற்கிறது. பினாங்கில் 1852இல் தோன்றிய லைட் ஸ்திரீட் கான்வென்ட் 2018 முதல் புதிய மாணவிகளைச் சேர்ப்பதை நிறுத்தியது. 1899இல் தொடங்கிய புக்கிட் நானாஸ் கான்வென்ட்டின் நிலக் குத்தகை 2021இல் முடியவிருந்தபோது வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. பிறகு 60 ஆண்டுகளுக்கு நீட்டிப்பு கிடைத்தது. மலிவாகக் கிடைத்தது குறையக் குறைய, அதே சரக்கைத் தனியாரிடம் விலைகொடுத்து வாங்க வேண்டியதாகிறது.

விலை கொடுக்கும்போது எது விடுபடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, மலாய்வழி அரசுப் பள்ளிகளான தேசியப் பள்ளியிலோ தேசிய இடைநிலைப்பள்ளியிலோ குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். நடைமுறையில் ஆசிரியர் இல்லை, கால அட்டவணையில் இடமில்லை என்று இழுத்தடிப்பார்கள் என்றாலும், கையில் பிடித்து வாதாட ஒரு சட்டமாவது இருக்கிறது. தனியார் பள்ளியை அந்த விதி கட்டுப்படுத்தாது. நான் அன்று தமிழைப் பற்றிக் கேட்டதற்கு, மாண்டரினும் பிரெஞ்சும் இருக்கின்றன என்று புன்னகையோடு பதில் வந்தது. ஆறு ஆண்டுகள் தமிழில் கணிதமும் அறிவியலும் படித்த பிள்ளைக்கு, எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எழுதும் வாய்ப்பு அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறது. கேமராக்களைப் பற்றி விசாரித்த நம் பெற்றோரில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டிருந்தால், குறைந்தபட்சம் அந்தப் புன்னகையாவது சற்றுத் தடுமாறியிருக்கும்.

வீடு திரும்பும் வழியில் தங்கை மகள் காரின் பின்னிருக்கையிலிருந்து, “பெரியம்மா, அந்த லேப்ல நிஜமாவே சாமான் இருக்குமா?” என்று கேட்டாள். அடுத்த வாரம் வேறொரு பள்ளிக்குப் போகிறோம். ஆய்வுக்கூடச் சாவியோடு ஒருவர் இருக்க வேண்டும் என்று இந்த முறை முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவைத்திருக்கிறேன்.