காற்று ஓய்ந்த முதல் ஞாயிறில் காரணம் சொல்லாதீர்கள்

புயல் அடித்த கையோடு போதகர்களுக்கு வந்த அந்தப் பிரசங்கக் குறிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். எதைச் சொல்கிறேன் என்று ராமநாதபுரம் கடற்கரையில் தங்கச்சிமடத்திலிருந்து மூக்கையூர் வரைக்கும் தெரியும். கரையில் வல்லங்கள், நம் மீன்பிடிப் படகுகள், அணியம் என்கிற முன்பக்கம் பிளந்து ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்போதே வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது, ஏழு தலைப்போடு. ஞாயிறன்று அதை வரி மாறாமல் வாசித்திருக்கிறார்கள். இந்தக் கரையின் பாவம்தான் இந்தக் காற்றைக் கூட்டிவந்ததாம். கேட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் வலையும் வல்லமும் போனவர்கள்.

காரணம் சொல்லாதீர்கள் ஐயா. வேறு எது வேண்டுமானாலும் சொல்லுங்கள், முதல் ஞாயிறில் காரணம் சொல்லாதீர்கள்.

லூக்கா 13-ஐ எடுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்கிறார். அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். 'அடுத்த வரியில் மனந்திரும்பச் சொல்கிறாரே' என்பீர்கள். ஆமாம், சொல்கிறார். உயிரோடு நின்று கதை கேட்டவர்களிடம், அவரவர் ஆத்துமாவைப் பற்றிச் சொல்கிறார். செத்தவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் அதைச் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியில் அலை கொண்டுபோனவர்களில் மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர்களும் உண்டு. நாகப்பட்டினம் சிதைந்தது, நம் வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம் அடி குறைவு. இலங்கை குறுக்கே கிடந்து அலையை மறித்தது, அதனால். நாகப்பட்டினத்தாரைவிட நாம் பரிசுத்தவான்கள் என்பதால் இல்லை. அன்றைக்கு நமக்குப் புண்ணியக் கணக்கு எழுதாதவர்கள் இன்றைக்குப் பாவக் கணக்கு எழுத எங்கிருந்து வந்தார்கள்?

தனுஷ்கோடியையும் சோதோமுக்கு உதாரணம் ஆக்கிவிட்டார்கள். அதுதான் அதிகம் வலிக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு, கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, இலங்கையைக் கடந்து வந்த புயல் அது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலை ஆட்களோடு கடல் எடுத்துக்கொண்டது. மணலில் இன்றும் நிற்கும் அந்த மொட்டைச் சுவர்களில் ஒன்று கிறிஸ்தவ ஆலயத்தின் சுவர். ஜெபம் நடந்த இடமும்தான் இடிந்தது. அதன் முன்னால் நின்று வீடியோ எடுத்து 'பாவத்தின் சம்பளம்' என்று தலைப்புப் போடுகிறவர்களே, அந்த இரவில் உயிர் தப்பி வந்தவர்களின் பிள்ளைகள் உங்கள் சபையிலேயே இருப்பார்கள்.

ஆமோஸ் 3:6-ஐக் காட்டுவீர்கள், தெரியும். கர்த்தருடைய செயல் இல்லாமல் ஊரில் தீங்கு வருமா என்கிற வசனம். அதே புத்தகத்தின் முதல் வசனத்தைப் படியுங்கள். பூமியதிர்ச்சிக்கு இரண்டு வருஷம் முன்னே பேசியவன் ஆமோஸ். ஏழையை ஒரு ஜோடி செருப்புக்கு விற்றவர்களைப் பார்த்துப் பேசினான். நீங்கள் பேசியது வலை போனவனிடம், காற்று அடித்த பிறகு.

'சின்ன சபை, தனி ஆள், அன்றாடம் வேலைக்கும் போகவேண்டும், குறிப்பு இல்லாமல் எப்படி?' நியாயம். குறிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உள்நாட்டில் உட்கார்ந்து யாரோ எழுதியதைக் கடற்கரையில் வாசிக்குமுன் ஒருமுறை கடற்கரைக் காதால் கேளுங்கள் என்கிறேன். மாற்கு 4, படகில் இருந்த இயேசு காற்றை அதட்டின பகுதி, எல்லாக் குறிப்பிலும் இருக்கும். கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டில் அது எப்படிக் கேட்கும்? 'அந்தப் படகில் இருந்தவர் எங்க வல்லத்தில் இல்லையா?' சங்கீதம் 91-ல் 'அது உன்னை அணுகாது' என்று வருகிறது. அணுகிவிட்டதே, இப்போது என்ன செய்வது? வெளிப்படுத்தல் 21-ல் 'சமுத்திரமும் இல்லாமற்போயிற்று' என்பதை விளக்கம் இல்லாமல் வாசித்தால், கடலை நம்பிப் பிழைக்கிறவனுக்கு அது நற்செய்தியாகக் கேட்காது.

இவற்றைப் பிறகு பிரசங்கியுங்கள். முதல் ஞாயிறுக்குச் சங்கீதம் 13 அல்லது 69 போதும். 69-ல் வெள்ளம் என்மேல் புரண்டுபோகிறது என்று அழுகிறவன் காரணம் சொல்லவில்லை, கூப்பிடுகிறான். மெதுவாக வாசியுங்கள், பத்து நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள்.

இறந்தவர்கள் பெயரைச் சனிக்கிழமை மாலையே வீட்டில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இனிஷியலோடு. காணாமல் போனவர்களை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 'இன்னும் கரை வராதவர்கள்' என்று தனியாக வாசியுங்கள். அவர்களுக்காக, இறந்தவர்களுக்குச் சொல்கிற ஆத்தும இளைப்பாற்றி என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், விடியவிடியக் கரையில் நிற்கிற தாயிடம் நீங்களே மரணச் செய்தி சொன்னதாகிவிடும்.

'பேசாமல் இருந்தால் ஊழியம் ஆகுமா?' என்கிறவர்களுக்கு அப்போஸ்தலர் 11. பஞ்சம் வரும் என்று அகபு என்கிற தீர்க்கதரிசி சொன்னான். யார் பாவம் என்று அந்தியோகியா சபை கேட்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாகச் சேர்த்து பர்னபா, சவுல் கையில் கொடுத்தனுப்பியது.

உங்கள் ஆலயக் கிணற்றை எட்டிப் பார்த்தீர்களா? கடல்நீர் ஏறியிருந்தால் மோட்டார் வைத்து ஒட்ட இறைக்காதீர்கள், அடியிலிருந்து இன்னும் உப்பு ஏறும். பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும், உப்பை எடுக்காது. 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கு. வட்டக் கிணறு 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் என்றால் சுமார் 14,000 லிட்டர், 35 கிராம். கலங்கல் தண்ணீர் இன்னும் கேட்கும், சுகாதார ஆய்வாளரைக் கூப்பிட்டு குளோரின் பார்க்கச் சொல்லுங்கள். பவுடரை அப்படியே கொட்டக் கூடாது. வாளியில் கூழாகக் கரைத்து, தண்ணீர் விட்டு, சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை பத்து நிமிஷம் வைத்து, தெளிவை மட்டும் வேறு வாளியில் இறுத்துக் கிணற்றில் இறக்கிக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் யாரும் இறைக்க வேண்டாம். போன வருஷம் பிரித்து வைத்த பாக்கெட்டில் வீரியம் இருக்காது, புதிது வாங்குங்கள்.

ஏழு தலைப்பில் ஒன்றிலாவது இந்தக் கிணறு இருந்ததா? சனிக்கிழமை மாலை பெயர் எழுதப் போகும்போதே அந்த வீட்டுக் கிணற்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.