சட்டப்படி வந்த பிள்ளைக்கும் 21 வயது ஆகும்

டல்லாஸ் பக்கம் எங்கள் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் டாகா (சின்ன வயதில் ஆவணமில்லாமல் அமெரிக்கா வந்த பிள்ளைகளை நாடு கடத்தாமல் விட்டுவைக்கும் திட்டம்) பற்றிப் பேச்செடுத்தால் போதும், "நாம முறையா விசா வாங்கி வந்தவங்க, அவங்க வேலி தாண்டி வந்தவங்க, ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க" என்று யாராவது வந்துவிடுவார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பெரியவர்களுக்கு வேண்டுமானால் அந்தக் கணக்கு பொருந்தட்டும். மூன்று வயதில் இடுப்பில் தூக்கி வரப்பட்ட பிள்ளைக்கு வேலியும் தெரியாது, விசாவும் தெரியாது.

டாகா என்பது குடியுரிமை இல்லை, நிரந்தரமாகத் தங்க உரிமை தரும் கிரீன் கார்டும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு நிரந்தர வழி தரும் 'டிரீம் ஆக்ட்' மசோதா 2001 முதல் காங்கிரஸுக்கு வந்து வந்து போனது. 2010-இல் கீழவையில் தேறி, செனட்டில் 60 வாக்கு வேண்டிய இடத்தில் 55 மட்டும் கிடைத்து நின்றுபோனது. அப்புறம்தான் 2012 ஜூன் 15 அன்று ஒபாமா அரசு ஓர் உத்தரவு போட்டது. 16 வயதுக்கு முன் வந்து, 2007 ஜூனிலிருந்து இங்கேயே இருந்து, படித்த அல்லது படிக்கிற பிள்ளைகளை இரண்டு வருடத்துக்கு நாடு கடத்த மாட்டோம், வேலை பார்க்கலாம், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

உத்தரவில் வந்தது உத்தரவில் போகும் அல்லவா? 2017-இல் டிரம்ப் அரசு ரத்து செய்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று காப்பாற்றியது. அதுவும் ரத்து செய்த முறை தப்பு என்றதே தவிர, டாகா சரி என்று சொல்லவில்லை. 2021-இல் டெக்சாஸ் நீதிபதி ஒருவர் சட்டவிரோதம் என்று தீர்ப்பெழுத, புது விண்ணப்பங்கள் கிடப்பில் விழுந்தன. அந்த 2007 என்ற தேதியோ இன்றுவரை நகரவில்லை. இப்போது ஹைஸ்கூலில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்போது பிறக்கவே இல்லை.

சரி, நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருவோம். டாகாவுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. 2012 ஜூன் 15 அன்று சட்டப்படியான அந்தஸ்து இருந்திருக்கக் கூடாது. அதாவது ஹெச்-4 விசாவில் (ஹெச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான விசா) ஒழுங்காக வந்த பிள்ளைக்கு அங்கே இடமில்லை. ஒழுங்காக வந்ததுதான் குற்றம்! எனக்குத் தெரிந்த ஒரு பெண், கிண்டர்கார்டனிலிருந்து இங்கேதான் படித்தாள். தோழிகள் எல்லாம் கோடை விடுமுறையில் ஐஸ்கிரீம் கடையில் வேலைக்குப் போனபோது இவளால் போக முடியவில்லை, ஹெச்-4 பிள்ளைக்கு வேலை அனுமதி கிடையாது. 21 ஆனால் அந்த ஹெச்-4-ம் போய்விடும். பிறகு எஃப்-1 எடுத்து வெளிநாட்டு மாணவியாக உட்கார வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும்.

அதற்குள் கிரீன் கார்டு வராதா என்பீர்கள். வருடாவருடம் தரும் கிரீன் கார்டுகளில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற உச்சவரம்பில் இந்தியர்களின் வரிசை எப்படி நகர்கிறது என்பதை, அரசு மாதாமாதம் வரிசை நிலவரம் சொல்லும் விசா புல்லட்டின் பார்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளையின் வயதைக் கணக்கிட 2002-இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் புல்லட்டினில் உள்ள இரண்டு பட்டியலில் எதை வைத்துக் கணக்கிடுவது? 2023 பிப்ரவரியில் 'டேட்ஸ் ஃபார் ஃபைலிங்' (விண்ணப்பம் போடக்கூடிய தேதி) என்றார்கள். 2025 ஆகஸ்ட்டில் பழையபடி 'ஃபைனல் ஆக்‌ஷன்' (கிரீன் கார்டே கிடைக்கக்கூடிய தேதி) என்று மாற்றிவிட்டார்கள். அதே பிள்ளை, அதே பிறந்த தேதி. ஒரு பட்டியலில் தப்பிக்கிறது, இன்னொன்றில் ஏஜ் அவுட், அதாவது 21 தாண்டி வரிசையிலிருந்து வெளியே. இதுவும் காங்கிரஸ் போட்ட சட்டத்தால் வந்த மாற்றமில்லை, குடிவரவுத் துறை தன் கொள்கைக் கையேட்டில் செய்த திருத்தம். டாகா பிள்ளையின் தலைவிதியும் இதே மாதிரிதானே எழுதப்படுகிறது?

"அவங்களும் வரிசையில வரட்டும்" என்பவர்களுக்கு ஒரு விஷயம். அந்தப் பிள்ளைக்கு வரிசையே கிடையாது. 18 வயதுக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்தஸ்து இல்லாமல் இருந்துவிட்டு வெளியே போனால், பத்து வருடம் திரும்ப வர 1996-இன் சட்டம் தடை போடுகிறது. நம் பிள்ளை வரிசையில் நிற்கிறது, கவுண்டர் வருமுன் வெளியே தள்ளப்படுகிறது.

நம் பிள்ளைகளுக்கு மட்டும் தனியாகக் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்பதும் பார்த்தாயிற்று. இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து 2021-லேயே கொண்டுவந்த 'அமெரிக்காஸ் சில்ட்ரன் ஆக்ட்' மசோதா இன்னும் சட்டமாகவில்லை. அதே வருடம் மார்ச்சில் கீழவை 228-197 என்று நிறைவேற்றிய மசோதாவில் டாகா பிள்ளைகளும் ஹெச்-1பி பெற்றோரின் பிள்ளைகளும் ஒன்றாகவே இருந்தார்கள். செனட்டில் அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.

ஆகவே செனட்டர் அலுவலகத்துக்குப் போன் போடுகிறவர்கள் இரண்டு தரப்புப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேளுங்கள். எடுக்கிறவர் உங்கள் பெயரும் ஜிப் கோடும்தான் கேட்பார், என்ன விசா என்று கேட்க மாட்டார்.