வரிசை தலைகீழாக இருக்கிறது

“ஹார்வர்டின் எரிக் மஸூர் 5 லட்சம் டாலர் பரிசுக்காகத்தான் பாடம் நடத்தும் முறையை மாற்றினார், காசு கொடுத்தால் நம்ம பேராசிரியர்களும் மாறுவார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மினர்வா பரிசு (உயர்கல்வியில் புதுமைக்கானது) வந்தது 2014-இல். இயற்பியல் பேராசிரியரான அவர் மாறியது 1990-களின் தொடக்கத்தில்.

காரணம் ஒரு எளிய தேர்வு. கனரக லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசை செலுத்தும்? இரண்டும் சமம்தான். பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்ட மாணவர்கள் இதில் கோட்டைவிட்டார்கள். அதன்பிறகுதான் வகுப்பில் பக்கத்து மாணவரோடு விவாதிக்க வைத்தார். இத்தனைக்கும் ஆசிரியர் மதிப்பீட்டில் மாணவர்கள் அவருக்கு ஏற்கெனவே நல்ல மதிப்பெண்தான் போட்டுவந்தார்கள்.

நம்ம ஊரில் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2010-இல் பேராசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஏபிஐ என்ற புள்ளி முறையைக் கொண்டுவந்தது; ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாலும் அதில் புள்ளி உண்டு. பெருகியது புதுமை இல்லை, காசு வாங்கிக் கட்டுரை போடும் இதழ்கள். 2018-இல் யுஜிசியே 4,305 இதழ்களைத் தன் பட்டியலிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.